அக்காவின் வலது தோள்

மேடையில் அக்காவின் முகத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கு முன் முப்பது வருஷத்துக்கு மேல் அவர் பாடிய மேடைகளில் நானும் இருந்திருக்கிறேன். பின்னால் இருந்தேன். தம்பூரா போடுகிறவள் பாடுகிறவருக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகு. கொண்டை, கழுத்துச் சங்கிலியின் கொக்கி, ரவிக்கையின் பின்பக்கம், வலது தோள்.

அன்றைக்கு என்னை எதிரில் உட்கார வைத்தார்கள். நடுவில் ஒரு விரிப்பு. அந்தப் பக்கம் ஆர்மோனியத்துடன் அக்கா. இந்தப் பக்கம் நான். ஓரமாக ஒரு மேஜை, அதில் கம்ப்யூட்டருடன் நிவேதா. திரை இன்னும் திறக்கவில்லை. வெளியே ஆட்கள் நாற்காலி தேடும் சத்தம் கேட்டது.

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அக்காவின் மூக்கின் மேல் வியர்வை. மேடையில் அவருக்கு மூக்கு வியர்க்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"ஸ்டெல்லா, ஒன்பதாவது நிமிஷம்" என்றார்.

"ஞாபகம் இருக்குக்கா."

"நிறுத்தினா நிறுத்தினதுதான்."

"சரிக்கா."

அவ்வளவுதான் பேசினோம். திரை திறந்தது.

ரவிக்கை கொடுக்கப் போனவள்

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக அப்பா வேலை பார்த்த ரயில்வே ஒர்க்‌ஷாப், எங்கள் குவார்ட்டர்ஸ், என் கல்யாணம் என்று எழுதிவிட்டேன். கடிதம் போட்டவர்களில் பாதிப்பேர் கேட்டது பாடகி சுகந்தியைப் பற்றி. நல்ல குரல் இருக்கும்போதே ஏன் பாட்டை விட்டார் என்று. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். சங்கீதம் எனக்குத் தெரியாது. ஏழாவதோடு படிப்பையும் நிறுத்தியவள்.

அம்மா ரவிக்கை தைப்பாள். சிக்கந்திராபாத் மாரெட்பள்ளியில் சுகந்தி அக்காவின் வீட்டுக்கும் தைத்தாள். ஒரு நாள் தைத்ததைக் கொடுக்க நான் போனேன். எனக்குப் பதினாறு வயது இருக்கும். அக்காவுக்கு இருபது. அப்போதே ரேடியோவில் பாடிக்கொண்டிருந்தார்.

அன்று தம்பூராவுக்கு வருகிற மாமிக்குக் காய்ச்சல். அக்காவின் அம்மா என்னைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். நடுவிரலால் முதல் கம்பி, ஆள்காட்டி விரலால் மற்ற மூன்று. வேகம் கூடாது, குறையக் கூடாது. அவ்வளவுதான் பாடம்.

உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது. அவர்கள் எழுந்து உள்ளே போய்க் காப்பி சாப்பிட்டார்கள். என்னை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார்கள். நான் போட்டுக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்து பார்த்த அக்கா, நாளைக்கும் வருவாயா என்று கேட்டார்.

மறுநாள் போனேன். பிறகு எல்லா நாளும் போனேன்.

நான் சர்ச்சுக்குப் போகிறவள். அவர் பாடியதில் பாதிக்கு மேல் பக்திப் பாட்டு. யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. மேடையில் வயலின்காரர் பேரைச் சொல்வார்கள், மிருதங்கக்காரர் பேரைச் சொல்வார்கள். தம்பூரா பேரை விட்டுவிடுவார்கள். அது வழக்கம். எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

நிறுத்தக் கூடாது

தம்பூராவுக்கு ஒரே சட்டம்தான். எல்லோருக்கும் முன்னால் தொடங்க வேண்டும். எல்லோருக்கும் பின்னால் முடிக்க வேண்டும். நடுவில் தும்மல் வரலாம், கால் மரத்துப் போகலாம். கை நிற்கக் கூடாது.

ஒரு தடவை வாரங்கலில் கச்சேரி நடுவில் கரண்ட் போய்விட்டது. மிருதங்கம் நின்றது. வயலின் நின்றது. அக்காவும் நிறுத்தினார். நான் நிறுத்தவில்லை. கரண்ட் வந்ததும் அக்கா விட்ட இடத்திலிருந்து எடுத்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

பிறகு சுருதிப் பெட்டி வந்தது. சின்னப் பெட்டி. பொத்தானைத் திருப்பினால் தம்பூரா மாதிரியே சத்தம் போடும். சாப்பாடு வேண்டாம், ரயில் டிக்கெட் வேண்டாம். அக்காவின் கச்சேரிகளை ஏற்பாடு செய்கிற தெலுங்குக்காரர் ராவ் காரு ஒன்று வாங்கி வந்தார். இனிமேல் என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அம்மாவின் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்தேன்.

பத்து நாளில் அக்கா ஆள் அனுப்பினார். பெட்டி அலமாரி மேல் இருந்தது. ஏன் என்று ராவ் காரு கேட்டதற்கு, "அதுக்கு என்னைத் தெரியலே" என்றாராம்.

அக்காவுக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். பாடும்போது சுருதி கையை விட்டுப் போகிறது என்று அவருக்குத் தோன்றினால் வலது தோள் ஒரு நூல் அளவு ஏறும். உடனே நான் இரண்டாவது கம்பியைக் கொஞ்சம் அழுத்திப் போடுவேன். ஸா அவர் காதில் விழும். தோள் இறங்கும். சபையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடமும் சொன்னதில்லை.

பாட்டு வேண்டாம்

கொரோனாவுக்குப் பிறகு கச்சேரிகள் திரும்பத் தொடங்கிய சமயம். அக்கா சினிமாப் பாட்டுக்குக் கூப்பிட்டால் வரவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு பக்திப் பாட்டுக்கும். குரல் போய்விட்டது என்று பேசினார்கள். பொய். சமையல்கட்டில் அவர் பாடியதை நான் கேட்டேன். குரல் அப்படியே இருந்தது.

போலாரத்தில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தார்கள். அங்கேயிருந்து காலால் மிதிக்கிற ஆர்மோனியம் ஒன்று வாங்கி வந்தார். எங்கள் சர்ச்சில் முன்பு இருந்த மாதிரி. கட்டையைத் தொடமாட்டார். மிதிப்பார். உள்ளே காற்று போய் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காசநோய்க்காரன் மூச்சு மாதிரி இருந்தது எனக்கு.

நிவேதா சனிக்கிழமைகளில் வருவாள். கோயம்புத்தூர்ப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சத்தங்களைப் பிடித்து நீட்டுவதும் சுருக்குவதும் அவளுக்குப் பொழுதுபோக்கு. லிஃப்ட் கதவுச் சத்தத்தைக்கூடப் பிடித்து வைத்திருந்தாள். ஒரு நாள் என் தம்பூராவைப் பிடித்துத் திரையில் காட்டினாள்.

"பாருங்க ஸ்டெல்லாக்கா, ஒரே கம்பிக்குள்ள எத்தன சத்தம் இருக்குதுன்னு" என்றாள்.

மலை மலையாகக் கோடு தெரிந்தது. இருக்கட்டும் என்றேன்.

ஒரு நாள் அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"ஏன்கா பாட்டு வேணாம்னுட்டீங்க?"

"பாடினா எல்லாரும் என்னையே கேக்கறா. நானும் என்னையே கேக்கறேன். போதும்னு தோணித்து" என்றார். கொஞ்சம் கழித்து, "உன்னை நான் கேட்டதே இல்லே" என்றார்.

நான் பீன்ஸுக்கு நார் எடுத்துக் கொடுத்தேன்.

ராவ் காருவுக்குத்தான் தாங்கவில்லை. "பாடகி பாடலேன்னா எவரு ஒஸ்தாரம்மா?" என்று என்னிடம் வந்து கேட்டார். யார் வருவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மேடைக்கென்று அக்கா செய்து வைத்த இசை நாற்பது நிமிஷம். முதல் ஒன்பது நிமிஷம் என் தம்பூரா மட்டும். அதை நிவேதாவின் கம்ப்யூட்டர் வாங்கி வாங்கிப் பெரிதாக்கும். ஒன்பதாவது நிமிஷம் எல்லாம் சட்டென்று நிற்க வேண்டும். இரண்டு நிமிஷம் ஒன்றும் கிடையாது. அதன் பிறகு ஆர்மோனியத்தின் காற்று. மெதுவாக மற்றவை. ஒரு இடத்திலும் பாட்டு இல்லை. அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான் மற்றதெல்லாம் என்று அக்கா சொன்னார். அது கெட்டால் மீதி வெறும் இரைச்சல்.

உள்ளங்கை

ஒத்திகையில் கெடுத்தது நான்தான். ஒன்பது நிமிஷம் ஆனதும் நிவேதா கையைத் தூக்குவாள். எனக்குத் தெரியும். ஆனாலும் கை இன்னும் இரண்டு சுற்றுப் போட்டுவிட்டுத்தான் நிற்கும். ஒரு நாள் இல்லை, ஏழெட்டு நாள். அவ்வளவு வருஷம் நிற்காத கை.

ராவ் காரு மறுபடி பெட்டியை ஞாபகப்படுத்தினார். அக்கா என்னை வைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ரெண்டு வாரம் இருக்கு. அதுக்குள்ள நின்னா ஸ்டெல்லா. இல்லேன்னா மெஷின்."

மறைத்துப் பேச அவருக்கு வராது. நான் சரி என்றேன்.

வீட்டில் போட்டுப் போட்டு நிறுத்திப் பார்த்தேன். என் பெண்ணுக்குத் தமிழ் புரியும், பேசுவது தெலுங்கு. அவள் எட்டிப் பார்த்து, "ஆப்பெய்யி அம்மா, அந்தே கதா" என்றாள். நிறுத்திவிடு, அவ்வளவுதானே என்று. அவ்வளவுதான். அதுதான் வரவில்லை.

வழி தையல் மெஷினில் கிடைத்தது. ஓடுகிற மெஷினைக் காலால் நிறுத்த முடியாது. சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைப்போம். நின்றுவிடும். தம்பூராவிலும் விரலை நிறுத்தப் பார்க்காமல் உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் வைத்தேன். நின்றது. மறுநாள் ஒத்திகையில் பத்து தடவை செய்யச் சொன்னார் அக்கா. பத்து தடவையும் நின்றது.

"சுருதி மெஷினை எடுத்துண்டு போங்கோ" என்று ராவ் காருவிடம் சொன்னார்.

அன்றைய கச்சேரி

திரை திறந்ததும் பலத்த கைதட்டல். ஹால் நிரம்பியிருந்தது. நோட்டீஸில் புதிய இசை என்று போட்டிருந்தார்கள். புதிய பாட்டு என்று எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் வரிசையில் கிருஷ்ணன் மாமா. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அக்காவின் சிக்கந்திராபாத் கச்சேரி ஒன்றுகூட விடாதவர்.

ஒன்பது நிமிஷம் போட்டேன். நிவேதா கையைத் தூக்கினாள். உள்ளங்கையை வைத்தேன். எல்லாம் நின்றது.

ஏ.சி. சத்தம் மட்டும். யாரோ வளையலைத் தள்ளிவிட்டார்கள். ஒரு போன் பைக்குள் நடுங்கியது. அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மா, "மர்ச்சிப்போயிந்தா?" என்று பக்கத்தில் கேட்டது எனக்கே கேட்டது. அக்கா மறந்துபோய்விட்டாரா என்று.

அக்கா ஹாலைப் பார்த்தார். வலது தோள் ஏறியது.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று எழுதினால் பொய். கை கம்பியை விட்டு எழுந்தது. இரண்டாவது கம்பி. ஸா.

அக்காவின் வாய் திறந்தது. அவருக்குப் பேர் வாங்கித் தந்த பழைய சினிமாத் தாலாட்டு வந்தது. பாதிப் பேர் போனில் வைத்திருக்கிற அதே தாலாட்டு. ஹால் முழுக்க ஒரு மூச்சு விட்டது. நான் போட்டுக்கொண்டே இருந்தேன், வேறு என்ன செய்வது. நிவேதா கம்ப்யூட்டரை மெதுவாக மூடினாள். பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள். சில பேர் அழுதார்கள். மீதி இசை நடக்கவில்லை. அக்கா இன்னும் மூன்று பாட்டுப் பாடிவிட்டு எழுந்தார்.

கிருஷ்ணன் மாமா மேடைக்குப் பின்னால் வந்து, "இப்பத்தாம்மா உயிர் வந்துது" என்றார்.

மறுநாள் பேப்பரில் புகழ்ந்திருந்தார்கள். முதலில் இரைச்சல், பிறகு மௌனம், பிறகு தாலாட்டு, எப்பேர்ப்பட்ட யோசனை என்று. ராவ் காரு அதை இரண்டு தடவை வாசித்தார். விஜயவாடாவிலும் இதையே செய்யலாம் என்றார்.

கேட்டேனா

நாலு நாள் அக்கா கூப்பிடவில்லை. ஐந்தாம் நாள் நானே போனேன். அவர் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மிதிக்கவில்லை.

"நான் உன்னைக் கேட்டேனா?" என்றார்.

"கேட்டீங்க."

"வாயைத் தொறக்கலையேடி."

"தோள் ஏறிச்சுக்கா."

புரியவில்லை அவருக்கு. சொன்னேன். எப்போது ஏறும், நான் என்ன செய்வேன், எப்போது இறங்கும் எல்லாம். இடது கையை எடுத்து வலது தோளின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்போலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே."

"ஏன் சொல்லலே?"

"சொன்னா அப்புறம் ஏறாது."

தோளிலிருந்து கையை எடுக்காமலே, "திருடி" என்றார். கோபமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. முகம் பார்த்து எனக்குப் பழக்கமில்லை.

ராவ் காரு சொன்ன மாதிரி மெஷினையே வைத்துக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். மெஷின் நிறுத்தினால் நிற்கும்.

"அதுக்கு நான் கேக்கறது தெரியாதே. தெரிஞ்சுண்டு குடுக்காத ஆள் வேணும்" என்றார்.

"கேட்டா குடுக்கறதுதான்கா என் வேலை."

"தெரியும். இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் பாட்டுல முடிஞ்சா இதையெல்லாம் மூட்டை கட்டிடுவேன். பழையபடி தாலாட்டு பாடிண்டு இருப்பேன், சாகற வரைக்கும்."

தாலாட்டுப் பாடினால் எனக்கும் பழைய இடம் கிடைக்கும். பின்னால், முதுகைப் பார்த்துக்கொண்டு. எனக்கு அது போதும். அதை அவரிடம் சொல்லவில்லை. சரிக்கா என்றேன்.

தார்நாகாவில்

தார்நாகாவில் விஞ்ஞானிகள் குடியிருக்கிற காலனியின் ஹால். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. நூறு பேர் இருக்கும். கிருஷ்ணன் மாமா ஆட்டோ பிடித்து வந்திருந்தார், அதே முதல் வரிசை.

இந்தத் தடவை வேறு தொல்லை. எல்லோரும் பேப்பர் படித்திருந்தார்கள். மௌனம் முடிந்தால் தாலாட்டு என்று தெரிந்து வந்திருந்தார்கள். ஒன்பதாவது நிமிஷம் உள்ளங்கையை வைத்ததும் ஹாலில் சிரித்த முகங்கள். ஒரு பெண் பாட்டைப் பிடிக்கப் போனைத் தூக்கிக்கொண்டாள்.

அக்கா கண்ணை மூடியிருந்தார். பிறகு திறந்தார். ஜனங்களைப் பார்த்தார்.

தோள் ஏறியது.

கம்பி உள்ளங்கையில் அழுந்தியது. அழுத்திக்கொண்டேன். தோள் இன்னும் ஏறியது. அவ்வளவு ஏறி நான் பார்த்ததில்லை. அவர் என் கண்ணைப் பார்த்தார். உதடு பிரிந்தது. ஸா இல்லாமலும் அவரால் பாட முடியும். அவ்வளவு பெரிய பாடகிக்கு என் கம்பி எதற்கு? ஆனால் இத்தனை வருஷத்தில் அது இல்லாமல் மேடையில் அவர் ஒரு பாட்டும் எடுத்ததில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பார்வையை எடுக்க வேண்டும் போல இருந்தது. எடுக்கவில்லை.

அவர் வாயை மூடினார். எச்சில் விழுங்கினது தொண்டையில் தெரிந்தது. இரண்டு நிமிஷம் ஆயிற்றா, அதிகமா, தெரியாது. அவர் கால் இறங்கியது. ஆர்மோனியத்துக்குள் காற்று போனது.

மீதி முழுதும் நடந்தது. நடுவில் இருபது முப்பது பேர் எழுந்து போனார்கள். கதவு ஒவ்வொரு தடவையும் கிறீச்சிட்டது. போனைத் தூக்கிய பெண் அதை மடியில் போட்டுக்கொண்டு கடைசி வரை இருந்தாள். முடிந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. நிவேதா எழுந்து நின்ற பிறகு கொஞ்சம் கை தட்டினார்கள்.

அக்கா தண்ணீர் குடித்தார். கொஞ்சம் புடவையில் கொட்டியது. துடைத்துக்கொண்டு, சாப்பிடப் போகலாம் என்று நிவேதாவிடம் சொன்னார்.

தம்பூராவை உறையில் போட்டு வெளியே எடுத்து வந்தேன். வாசலில் கிருஷ்ணன் மாமா நின்றுகொண்டிருந்தார். அக்காவுக்காக என்று நினைத்தேன். எனக்காக நின்றிருக்கிறார்.

"ஏம்மா, அவ பாட வந்தா. நான் பார்த்தேன். வாயைத் தொறந்தா" என்றார்.

நான் நின்றேன்.

"நீ குடுக்கலே."

இத்தனை வருஷத்தில் என்னைக் கவனித்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. இப்படித்தான் எழுதிவைத்த இசை, சார் என்று சொல்லியிருக்கலாம். அக்காதான் கொடுக்காதே என்றார் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் கையை வைத்திருந்தது நான்.

"ஆமா சார். குடுக்கல" என்றேன்.

அவர் சாலைக்குப் போய் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கச்சேரிக்கும் வரவில்லை.